ஏழையின் கிழங்கு ஏற்றம் பெறட்டும்!

மகாசிவராத்திரி வந்தால் மும்பைக் கடைத்தெருக்களில் 'ரத்தாளே' குவிந்துவிடும். நம் ஊரில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்கிறோமே, அதுதான். மற்ற நாட்களில் அதை மதிப்பார் இல்லை. பஞ்ச காலத்து உணவு என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஆனால், 2016-ம் ஆண்டு உலக உணவுப் பரிசு பெற்ற நால்வரில் மூவர், இந்தக் கிழங்குக்காகப் பாடுபட்டவர்கள்!

ஆப்பிரிக்காவில் மக்கள் உண்டு வந்தது பெரும்பாலும் வெள்ளைக் கிழங்கு. வயிறு நிறையும், ஆனால் 'ஏ' வைட்டமின் கிடைக்காது. அந்தச் சத்துக் குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வரும். பார்வையே பறிபோவதும் உண்டு. ஆரஞ்சு நிறக் கிழங்கில் உள்ள பீட்டா கரோட்டின், உடலில் 'ஏ' வைட்டமினாக மாறுகிறது. மொசாம்பிக்கில் மரியா ஆண்ட்ராடே, உகாண்டாவில் ராபர்ட் முவாங்கா ஆகியோர் அத்தகைய ரகங்களை உருவாக்கினர். அதைத் தின்ற குழந்தைகளுக்குப் பலன் கிடைப்பதை ஜேன் லோ மெய்ப்பித்தார்.

இது எளிதான வேலை அல்ல. மனிதனுக்குக் குரோமோசோம்கள் இரண்டு தொகுதி, மொத்தம் 46. இந்தக் கிழங்குக்கோ ஆறு தொகுதி, மொத்தம் 90! பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி இது. ஆகவே ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு விதமாக முளைக்கும். நிறம் கூடினால் மாவுத்தன்மை குறைவதும் உண்டு; மாவுத்தன்மை இல்லாவிட்டால் மக்கள் வாங்கமாட்டார்கள். ஆயிரக்கணக்கான நாற்றுகளைச் சோதித்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றையே தேர்ந்தெடுக்க முடிகிறது. நல்லது கிடைத்துவிட்டால், கொடியை வெட்டி நட்டாலே அதே குணம் தொடரும். ஆனால் கொடியில் வைரஸ் நோய் இருந்தால் அதுவும் கூடவே பரவும்.

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. 1963-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், 'பூ சோனா' என்ற ரகத்தைத் தந்துள்ளது. சாதாரண ரகங்களில் 100 கிராமுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் கரோட்டின் என்றால், இதில் 14 மில்லிகிராம். ஒடிசாவுக்கு ஏற்றதென 2017-ல் இது அறிவிக்கப்பட்டது.

ஆராய்ச்சி நிலையத்தில் விளைந்தது அங்கன்வாடித் தட்டுக்கு வரவேண்டாமா? நோயற்ற கொடிகளை விவசாயிகளுக்கு வழங்க மத்திய, மாநில அரசுகள் ஆவன செய்யவேண்டும். குழந்தைகளின் சத்துணவிலும் இந்தக் கிழங்கைச் சேர்க்கவேண்டும். விளைவிப்பவனுக்கு விற்பனை உறுதியானால் பயிர் தானே பரவும்.

வாங்குவோரும் கவனிக்கவேண்டும். தோல் சிவப்பாக இருப்பதைக் கண்டு ஏமாறவேண்டாம். உள்ளே வெள்ளையாக இருக்கலாம். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். வேகவைத்ததைச் சிறிது எண்ணெயில் தாளித்துக் கொடுத்தால் சத்து நன்றாக உடலில் சேரும்.

குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துவோரின் பிள்ளைகளுக்கும் கண்ணொளி வேண்டும். அதற்கு விலை உயர்ந்த டானிக்குகளைத் தேடி அலையவேண்டியதில்லை. வழி, மண்ணுக்கு அடியிலேயே இருக்கிறது.