பூட்டிய கதவுக்குள்ளும் அந்த உரிமை உண்டு



பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எங்கும் பாதியில் பள்ளியை விட்டுவிட்டு விசைப்படகு ஏறிய தம்பிகளை நாம் அறிவோம். கல்லூரிக்குப் போயிருந்தால் செஞ்சுருள் சங்கத்திலாவது எச்.ஐ.வி. பற்றி ஒரு சொல் காதில் விழுந்திருக்கும். படகில் யார் சொல்வார்கள்? அடிதடியிலோ கஞ்சா பொட்டலத்தோடோ பிடிபட்டு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்கும் அன்றுதான் அரசு அவனை ஏறெடுத்துப் பார்க்கிறது. அந்த நாளையும் வீணாக்க விடக்கூடாது.

ஆபத்து நம் தெருவுக்கே வந்துவிட்டது. வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் பரவுகிறது. ஒரே ஊசி நாலு கைக்குப் போகிறது. எச்.ஐ.வி.யோடு கல்லீரல் அழற்சிக் கிருமியும் அதே ஊசியில் போகிறது. ஆண் பிள்ளைக்குப் பாலியல் வன்கொடுமை நடந்தால் வீட்டுக்குள்ளேயே புதைத்துவிடுகிறோம். 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் கொடுத்தால் தொற்றைத் தடுக்க முடியும். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளும் இந்தச் சிகிச்சையைச் சொல்கின்றன. நம் மௌனத்தில் கரைவது அந்த 72 மணி நேரம்தான்.

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவைப் படியுங்கள். அரசின் காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை நான்கும் உரிமை என்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் இருக்கும் பிள்ளைகளைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. யாரும் போடும் பிச்சை அல்ல இது!

பையன்களை வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. அதை எதிர்ப்போம். விளக்கிச் சொல்லி, உரிய சம்மதம் பெற்ற பிறகே பரிசோதனை. முடிவு காவலர் வாய்க்கோ பக்கத்துப் பாயில் படுப்பவன் காதுக்கோ போகவே கூடாது. தொற்று இருந்தால் கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை ஒரு நாளும் தவறக்கூடாது. விடுதலையான பிறகும் தொடர வேண்டும். தவறாமல் சாப்பிடுகிறவன் எல்லோரையும் போலக் கடலுக்குப் போய் உழைக்கலாம்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரிந்தது. ரத்தம் கொடுத்தவர்களில் அரசு இல்லத்தில் அடைபட்டிருந்த பெண்களும் உண்டு. காவலில் இருந்தவர்களின் ரத்தத்திலிருந்து நாடு பாடம் படித்தது. காவலில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் போய்ச் சேராதது அநீதி.

2022 டிசம்பர் 31 அன்று பிடிபட்ட சிறுவர்களை வைக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் சிறுவன் ஒருவன் இறந்தான், அந்தச் சாவுக்காக இல்லத்து ஊழியர்களே கைதானார்கள். கதவுக்கு வெளியே ஆள் இல்லாவிட்டால் உள்ளே எதுவும் நடக்கும்.

ஆகவே வழக்கறிஞர் தோழர்களே, 31ஆம் பிரிவைக் காட்டி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் நீதிக் குழுமத்திலும் மனுக் கொடுங்கள். இல்லங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக் குழு பார்த்தாக வேண்டும். அதில் ஒரு மருத்துவ அலுவலர் இருந்தாக வேண்டும். அவரிடம் கேளுங்கள்: எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் கடைசியாக எப்போது இங்கே வந்தார்? நம் சங்கத்துத் தாய்மார்களே, பிள்ளை பிடிபட்ட வீட்டுக்கு முதல் ஆளாகப் போங்கள். 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணைக் கரையெங்கும் எழுதி வையுங்கள்.

அடுத்த ஆய்வுக்கு முன் மனு போய்ச் சேர வேண்டும். கையெழுத்திட இன்றே வாருங்கள்!