மூன்று ஈத்தும் காளைக் கன்று: பசுவைக் குறை சொல்லலாமா?

வாசகி ஒருவர் ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டுக் கலப்பினப் பசு மூன்று ஈத்திலும் காளைக் கன்றுதான் ஈன்றது. பாலுக்குக் குறைவில்லை. ஆனாலும் கிடாரி போடாத மாட்டை வைத்து என்ன பயன், விற்றுவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பசுவுக்கு ஏதாவது மருந்து கொடுத்தால் அடுத்தது கிடாரியாகப் பிறக்குமா என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அவருக்கு இரண்டும் பெண் குழந்தைகள். அதற்கும் அவரைத்தான் குறை சொல்கிறார்கள். அதற்கும் மருந்து உண்டா என்று கேட்கிறார்.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். மருந்து கிடையாது, தேவையும் இல்லை. பசுவின் மீதும் தவறில்லை, அந்தத் தாயின் மீதும் தவறில்லை. ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை அல்ல இது. சுண்டெலிகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய உண்மை.

உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. பசுவுக்கு 30 ஜோடி, மனிதருக்கு 23 ஜோடி, சுண்டெலிக்கு 20 ஜோடி. இவற்றில் ஒரு ஜோடிதான் ஆண், பெண் என்ற வேறுபாட்டோடு தொடர்புடையது. பெண்ணுக்கு அந்த ஜோடியில் இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒன்று எக்ஸ், இன்னொன்று ஒய். ஆகவே தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் மட்டுமே இருக்கும். தந்தையின் விந்தணுக்களில் ஏறத்தாழ பாதி எக்ஸ் கொண்டவை, பாதி ஒய் கொண்டவை. எக்ஸ் விந்தணு சேர்ந்தால் பெண், ஒய் விந்தணு சேர்ந்தால் ஆண்.

இதை முதலில் காட்டிக் கொடுத்தது மாவிலும் தானியத்திலும் வளரும் ஒரு வண்டு. 1905-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நெட்டி ஸ்டீவன்ஸ், அந்த வண்டின் விந்தணுக்களில் இரண்டு வகை இருப்பதைக் கண்டார். ஒரு வகையில் மட்டும் ஒரு குரோமோசோம் மிகச் சிறியதாக இருந்தது. அந்த வகை சேர்ந்தால்தான் ஆண் வண்டு உருவாகிறது என்று அவர் முடிவு செய்தார். 1959-ல் சுண்டெலியில் இன்னொரு படி தெளிந்தது. ஒய் இல்லாமல் ஒரே ஒரு எக்ஸ் மட்டும் கொண்ட சுண்டெலி, பெண்ணாகவே வளர்ந்தது. ஆணாக வேண்டுமானால் ஒய் கட்டாயம் வேண்டும் என்பது இதிலிருந்து உறுதியானது.

ஒய் குரோமோசோமில் எந்தப் பகுதி இந்த வேலையைச் செய்கிறது? அதைத் தேடிப் பிடிக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1990-ல் லண்டன் விஞ்ஞானிகள் எஸ்.ஆர்.ஒய். என்ற ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் என்று சந்தேகமறக் காட்ட வேண்டுமே! பீட்டர் கூப்மன், ராபின் லவல்-பேட்ஜ், பீட்டர் குட்ஃபெலோ ஆகியோரின் குழுவினர், அந்த மரபணு அடங்கிய சிறு துண்டை மட்டும் கருவுற்ற சுண்டெலி முட்டைகளுக்குள் செலுத்தினார்கள். 1991-ல் முடிவு வெளியானது. இரண்டு எக்ஸ் கொண்டு பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டிய ஒரு சுண்டெலி, விரைகளோடு ஆணாகவே வளர்ந்திருந்தது. பெண் சுண்டெலிகளோடு இணை சேரவும் செய்தது. ஆனால் குட்டி உண்டாகவில்லை. விந்தணு உற்பத்திக்கு ஒய்யில் உள்ள வேறு மரபணுக்களும் தேவை, அவை அதனிடம் இல்லை. ஆனாலும் கரு ஆணாகும் வழியைத் திறந்துவிட அந்த ஒரு மரபணு போதும் என்பது நிரூபணமாகிவிட்டது.

அது வேலை செய்யும் விதம் மடை திறப்பதைப் போன்றது. சுண்டெலியின் சினைக்காலம் சுமார் 20 நாள். முதல் பத்து நாள் வரை கருவில் உள்ள இனப்பெருக்க உறுப்பு எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கும். அதே உறுப்பு விரையாகவும் ஆகலாம், சினைப்பையாகவும் ஆகலாம். பத்தரை நாள் முதல் பன்னிரண்டரை நாள் வரையிலான குறுகிய காலத்தில், ஒய் இருந்தால் எஸ்.ஆர்.ஒய். விழித்து மடையைத் திறக்கிறது. விரை உருவாகிறது, அதிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் மற்ற ஆண் உறுப்புகளை வளர்க்கின்றன. ஒய் இல்லாவிட்டால் அந்த மடை திறப்பதில்லை. சினைப்பை உருவாகிறது. பசுவின் கருவில் இந்தத் திருப்பம் சுமார் 40-ஆவது நாளில் நடக்கிறது. மனிதக் கருவிலும் எஸ்.ஆர்.ஒய்.தான் மடை திறக்கிறது.

இந்த வழி முழுவதையும் பார்த்தால், தாய் முடிவு செய்யும் இடம் எங்குமே இல்லை. தாய் தின்ற தீனியோ, படுத்த பக்கமோ, சினை ஊசி போட்ட நேரமோ இதை மாற்றுவதில்லை. காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடச் சொல்வது சினை பிடிப்பதற்காகத்தான், கிடாரிக்காக அல்ல. அதே சமயம் பழியைத் தூக்கித் தந்தையின் தலையில் வைப்பதும் சரியல்ல. எந்த விந்தணு முந்தும் என்று அவரும் தேர்ந்தெடுப்பதில்லை.

ஒவ்வொரு ஈத்தும் காசு சுண்டுவதைப் போலத்தான். மூன்று முறை தொடர்ந்து தலை விழ, எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அதாவது மூன்று ஈத்து கண்ட எட்டுப் பசுக்களில் ஒன்றுக்கு மூன்றும் காளையாக அமைவது சாதாரணம். அந்தப் பசுவிடம் எந்தக் குறையும் இல்லை. நான்காவது ஈத்திலும் கிடாரிக்குப் பாதி வாய்ப்பு அப்படியே இருக்கிறது. (கோழியில் மட்டும் கதை வேறு. அங்கே இரண்டு வகைக் குரோமோசோமும் பெட்டையிடம் இருக்கின்றன. குஞ்சு சேவலா பெட்டையா என்பது பெட்டையின் முட்டையைப் பொறுத்தது.)

பசு வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, பாலினம் பிரித்த உறைவிந்து. எக்ஸ் விந்தணுவில் மரபுப் பொருள் ஒய் விந்தணுவைவிடச் சுமார் 4 சதவீதம் அதிகம். அந்தச் சிறு வேறுபாட்டைச் சாயத்தாலும் லேசர் ஒளியாலும் கண்டறிந்து எக்ஸ் விந்தணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். இதைப் பயன்படுத்தினால் பிறக்கும் கன்றுகளில் சுமார் 90 சதவீதம் கிடாரியாக இருக்கும். ஆனால் ஒரு குச்சியில் விந்தணுக்கள் குறைவு என்பதால் சினை பிடிப்பது சற்றுக் குறையும். நல்ல எடையுள்ள, ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் இளம் கிடாரிகளுக்கு இது அதிகம் பொருந்தும். பலமுறை ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டுக்கு இதில் பணம் போட வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் மாட்டைக் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, இரட்டைக் கன்று. காளையும் கிடாரியும் சேர்ந்து பிறந்தால், பத்தில் ஒன்பது கிடாரிகள் மலடாக இருக்கும். கருப்பையில் இரண்டின் இரத்தமும் கலப்பதால், காளைக் கன்றின் ஹார்மோன்கள் கிடாரியின் உறுப்புகளைப் பாதித்துவிடுகின்றன. அப்படிப்பட்ட கிடாரியைச் சினைக்காக இரண்டு மூன்று ஆண்டு தீனி போட்டு வளர்க்கும் முன், கன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இனி முதல் கேள்வியின் முடிவு. பசுவை விற்பதா வேண்டாமா என்பதைப் பால் அளவு, மடியின் நலம், கால் குளம்பின் நலம், ஈத்துக்கு ஈத்து உள்ள இடைவெளி ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிறந்த கன்று காளை என்பதற்காக நல்ல கறவையை விற்றால் நஷ்டம் வீட்டுக்குத்தான்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆண் பிள்ளை பிறக்க மருந்து தருவதாகச் சொல்லி யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். மாட்டுக்கு உள்ளதுபோல் மனிதருக்கும் பாலினம் தேர்வு செய்ய வழி தேடுவதும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் திருத்தமும் தடை செய்தவை.

கடிதம் எழுதிய சகோதரி, இந்தப் பக்கத்தை வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். இரண்டு பெண் பிள்ளைகளும் வளர்ந்தவர்களாக இருந்தால், அவர்களையே வாசிக்கச் சொல்லலாம்.