விண்ணப்பமும் ஒரு வழக்குரையே

'வழக்கு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. இலக்கணம் பயின்றோர்க்கு அது மக்கள் பேசிவரும் மரபு. நீதிமன்றம் செல்வோர்க்கு அது நியாயம் வேண்டி நிற்கும் முறையீடு. இவ்விரு வழக்கும் அறிந்த பெருமகன் ஒருவர் நம் மாவட்டத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். 1895இல் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனார், தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர். திருக்குறளுக்கு உரை கண்டவர். நாகூரில் பிறந்து, 1979இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான மு.மு.இஸ்மாயில் அவர்களோ கம்பனில் தோய்ந்தவர். சட்டமும் தமிழும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இவர்களினும் சான்று வேண்டுவதில்லை. ஆயினும், தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்று, அதன்பின் மூன்றாண்டுச் சட்டப்படிப்பையும் முடித்த நம் மாணவ மாணவியர், மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் இளநிலையராகச் சேர விண்ணப்பம் எழுதுங்கால், தாம் தமிழ் பயின்றதை ஒரு குறையைப் போல் மறைக்கின்றனர். இஃது எனக்கு உடன்பாடன்று.

இங்கிலாந்தில் சொலிசிட்டராக விரும்புவோர்க்கு ஈராண்டுப் பணிப்பயிற்சி கட்டாயம். அங்குள்ள சட்ட நிறுவனங்கள் அதற்கெனப் படிவம் வைத்து, பல சுற்று நேர்காணல் நடத்திப் பயிற்சியாளரைத் தெரிவு செய்கின்றன. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு வேரூன்றவில்லை. பதிவுக்கு முன் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கி இந்திய பார் கவுன்சில் 1995இல் வகுத்த விதிகளை, 1999இல் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றது. 2010இல் அறிமுகமான அகில இந்திய பார் தேர்வு ஒருவரின் சட்ட அறிவைச் சோதிக்கும். மனு எழுதவோ குறுக்கு விசாரணை செய்யவோ கற்றுத் தராது. அவற்றைச் சீனியரின் மேசையருகில் அமர்ந்துதான் கற்க வேண்டும். அந்த இடத்தைத் தேடிக்கொள்வது அவரவர் பொறுப்பு. தந்தையோ மாமனோ வழக்கறிஞராக இருப்பவர்க்கு இஃதொரு பொருட்டன்று. வ.உ.சி.யின் தந்தையாரும் வழக்கறிஞரே. உப்பளத்துக் கணக்குப்பிள்ளையின் மகளுக்கும் தோணித் தொழிலாளியின் மகனுக்கும் அப்படி யாருளர்? அவர்களுக்கு ஒரு தாளில் எழுதிய விண்ணப்பமும், அரை மணி நேர நேர்காணலுமே துணை.

அத்தாளில் என்ன எழுதுகிறார்கள்? திருத்தித் தருமாறு என்னிடம் வரும் விண்ணப்பங்களைக் கொண்டு சொல்கிறேன். பத்துப் பேர் எழுதியவற்றைப் பெயர் மறைத்துப் படித்தால் பத்தும் ஒருவர் எழுதியவை போலவே இருக்கும். கடின உழைப்பாளி, சவால்களை விரும்புபவர், குழுவாகப் பணியாற்றும் இயல்பினர் என்னும் அடைமொழிகள் தவறாமல் வரும். ஆங்கில மாதிரிப் படிவத்திலிருந்து பெயர்த்தெடுத்தவை. ஒன்றில், மாதிரியில் இருந்த வேற்றூர்ப் பெயர்கூட மாறாமல் அப்படியே இருந்தது!

விண்ணப்பம் எழுதக் கற்க நம் மாணவர்க்கு மாதிரிப் படிவம் எதற்கு? சிலப்பதிகாரத்து வழக்குரை காதை இருக்கிறதே! பாண்டியன் 'யார் நீ' என்கிறான். கண்ணகி தன் ஊரைச் சொல்கிறாள். அவ்வூரின் நீதிப் பெருமையைச் சொல்கிறாள். கணவன் யாரென்பதையும் அவன் எதன் பொருட்டு மதுரை வந்தான் என்பதையும் சொல்லி, இறுதியில் தன் பெயரைச் சொல்கிறாள். தன்னைப் பற்றி ஓர் அடைமொழியும் இல்லை. அடுத்து அவள் முன்வைப்பது சான்று: 'என் சிலம்பின் பரல் மாணிக்கம்' என்கிறாள். அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. கொற்கைத் துறையை உடைய பாண்டியன் அரண்மனையில் முத்துக்கா பஞ்சம்? வழக்கு அத்துடன் முடிந்தது. நான் யார், எவ்விடத்தேன், எதன் பொருட்டு வந்தேன், என் கூற்றுக்குச் சான்று என்ன என்னும் நான்கையும் அவள் சொன்ன அளவிலும் சொன்ன வரிசையிலும் எழுதினாலே நல்ல விண்ணப்பமாகிவிடும். 'ஆராய்ச்சித் திறன் உடையேன்' என்பது அடைமொழி. 'சுவடியியல் பாடத்தில் பழைய எழுத்தும் தமிழ் எண்களும் கற்றேன். நூறாண்டுக்கு முந்தைய கிரயப் பத்திரத்தை என்னால் பிழையின்றிப் படிக்க இயலும்' என்பது சான்று. நிலவழக்கு மிகுந்த சீனியர் ஒருவருக்கு இப்படிப்பட்ட இளைஞரின் அருமை சொல்லாமலே விளங்கும்.

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபோது கீழமை நீதிமன்றங்களின் மொழியாகத் தமிழ் ஆக்கப்பெற்றது. கட்சிக்காரர் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டு, அதன் பொருள் சிதையாமல் மனுவாக்குவது இளம் வழக்கறிஞரின் முதல் வேலை. இக்கரையில் அது எளிதன்று. சங்கு குளிப்பவர் 'பார்' என்றால் கடலடிப் பாறைத் திட்டு. வழக்கறிஞர் 'பார்' என்றால் தம் சங்கம். (1961க்குப் பின் இங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை, அத்தொழிலின் சொற்கள் மட்டும் கரையில் வழங்கி வருகின்றன.) பரதவர் பேச்சும், காயல்பட்டினத்தார் பேச்சும், உப்பளத்தார் பேச்சும் வெவ்வேறு. இவற்றைக் கேட்டு வளர்ந்த செவி ஒரு தகுதி. அதனை விண்ணப்பத்தில் ஒரு வரியேனும் எழுத வேண்டாமா?

ஆங்கிலம் வேண்டா என்று நான் கூறவில்லை. உயர் நீதிமன்றத்தில் அதுவே வழங்குகிறது. துறைமுக ஊரில் பிறந்து கப்பல் வழக்குகளில் நாட்டம் கொள்வோர்க்கு அது இன்றியமையாதது. 1856ஆம் ஆண்டின் கப்பற் சரக்குச் சீட்டுச் சட்டத்திற்கும், 1925ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்திற்கும் மாற்றாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டங்களை இயற்றியுள்ளது. 'ஏன் இத்துறையைத் தேர்ந்தீர்' என்று கேட்கப்படும்போது, 'எனக்குச் சிறு வயது முதலே ஆர்வம்' என்பதைவிட, இவற்றுள் ஒன்றைப் படித்து, பழையதில் எது மாறிற்று என்று நான்கு வாக்கியம் சொல்வது மேல்.

நேர்காணலில் நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் அறிவுக் குறையால் அன்று. பெரியோர் முன் வாய் திறவாமையே பண்பு என்று வீட்டில் பழக்கப்பட்டவர்கள், குறிப்பாகப் பெண்கள், தெரிந்த விடையையும் விழுங்கிவிடுகிறார்கள். அடக்கம் வேறு; ஊமையாய் நிற்பது வேறு. தெரியாத கேள்விக்கு, 'தெரியாது ஐயா, பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்' என்பதும் ஒரு நல்ல விடையே. 1950இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்று, 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி அம்மையாரின் பெயரைச் சொல்லி மகிழும் நாம், நம் பெண்மக்கள் நிமிர்ந்து விடை சொல்வதை வீட்டில் எவ்வளவு ஏற்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சீனியரின் அலுவலகம் சுறுசுறுப்படைவது நீதிமன்றம் கலைந்த மாலை வேளையில். இரவு எத்தனை மணிக்குத் திரும்பலாம், உடன் வேறு பெண் வழக்கறிஞர் உள்ளனரா என்பவற்றைப் பெற்றோர் பின்னர்க் கேட்டுப் பிள்ளையை நிறுத்துவதைவிட, அவளே நேர்காணலன்று மரியாதையாகக் கேட்டுவிடுவது நன்று.

ஊதியத்தையும் கேட்கத்தான் வேண்டும். தொழில் கற்பவர் பணம் பேசுவது முறையோ என்னும் தயக்கம் பழங்காலத்தது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் இளம் வழக்கறிஞர்க்குக் குறைந்த அளவாக வழங்கச் சுற்றறிக்கை விடுமாறு 2024 சூனில் சென்னை உயர் நீதிமன்றம் மாநில பார் கவுன்சிலுக்கு ஆணையிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, ஊரகத்துக்கு 15,000 எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் கட்டாயமில்லை. கையில் வருவது பேருந்துக் கட்டணத்துக்கே காணாத இடங்களும் உண்டு. தாங்க இயலாமல் ஈராண்டில் தொழிலைவிட்டு விலகுவோர் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளே. ஆகவே, இடம் உறுதியான பின், 'மாதந்தோறும் என்ன தருவீர்கள் ஐயா' என்று கேட்பதில் இழிவேதுமில்லை.

பயன்முறைத் தமிழ்த் தாளில் நாம் இன்னும் விடுப்பு விண்ணப்பமும் வாழ்த்துமடலும் எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூன்றாமாண்டில் அவற்றை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மாணவரும் ஓர் அலுவலகத்தைக் குறித்துத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக விண்ணப்பம் எழுதுமாறு செய்யலாம். நீதிமன்ற விடுமுறை நாளொன்றில் ஊர் வழக்கறிஞர் இருவரை அழைத்து, வகுப்பறையிலேயே கேள்வி கேட்கச் சொல்லலாம். அழைத்தால் வருவார்கள், அவர்களுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது.