பிறவிக் கலைஞர் என்னும் கட்டுக்கதை

ஓவியக் கண்காட்சிகளின் வாயிலில் வைக்கப்படும் கருத்துப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விரைவிலேயே புலப்படும். "மிக நன்று", "இறைவன் அளித்த வரம்", "பிறவியிலேயே வாய்த்த கை" என்னும் தொடர்களே பக்கந்தோறும் நிறைந்திருக்கும். முழங்கை ஏன் தோளுக்கு இத்துணை அருகில் மடிகின்றது என்றோ, பனைமரத்தின் நிழல் ஏன் ஞாயிறு நிற்கும் திசையிலேயே விழுகின்றது என்றோ எவரும் எழுதுவதில்லை. வரைந்த மாணவன் அப்பதிவேட்டை மகிழ்ச்சியோடு வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றான். அடுத்த ஆண்டுக் கண்காட்சியிலும் முழங்கை அதே இடத்திலேயே மடிகின்றது.

இந்நிலைக்கு அடிப்படையாக அமைவது ஒரு கொள்கை. ஓவியம் பிறவியோடு வருவது. வந்தவர்க்கு வந்தது, வாராதவர்க்கு வாராது என்பதே அது. கலைஞனைப் போற்றுவதுபோலத் தோன்றினும், உண்மையில் ஆசிரியனையும் பார்வையாளனையும் அவரவர் கடமையிலிருந்து விடுவிப்பதே இக்கொள்கையின் பயன். கை வாய்த்தவனுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. கை வாயாதவனுக்குக் கற்பித்தும் பயனில்லை. ஆகவே எவனுக்கும் எதனையும் கற்பிக்க வேண்டியதில்லை! இத்துணை வசதியான கொள்கை நீண்டகாலம் உயிர்வாழ்வதில் வியப்பில்லை.

தமிழ் மரபு இதற்குத் துணை நிற்பதாகவும் கூறமுடியாது. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று சித்திரத்தைக் கையின் பழக்கத்தால் வருவதென்று வகுத்து, நட்பையும் தயையையும் கொடையையுமே பிறவிக்குரியனவாகப் பிரித்து வைக்கின்றது. அப்பாடலைப் பாடசாலையில் மனனஞ்செய்து ஒப்புவித்தவர்களே பிற்காலத்திற் 'பிறவிக் கலைஞன்' என்று மேடையில் முழங்குகின்றனர் என்பது விந்தையே.

பிறவிக் கொள்கையினர் தமக்குச் சான்றாக அடிக்கடி அழைப்பது ஒல்லாந்து நாட்டு ஓவியரான வின்சென்ற் வான் கோவை. எவரிடமும் கற்காது, எவர் சொல்லையும் கேளாது, பித்தும் மேதைமையும் ஒருங்கே பொங்கத் தீட்டிக் குவித்தவர் என்பதே அவரைப் பற்றி மக்களிடையே பரவியுள்ள படிமம். இச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து பார்ப்பது தகும்.

1853 ஆம் ஆண்டு பிறந்த வான் கோ ஓவியராவதென முடிவு செய்தது 1880 இல், தமது 27 ஆவது வயதில். பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பிரதேசத்தில் மதபோதகராயிருந்து அப்பணியையும் இழந்திருந்த காலம் அது. அக்காலத்து வரைபடங்களிற் சுரங்கத் தொழிலாளர் மரப்பாவைகள்போல விறைத்து நிற்கின்றனர். அவற்றை மட்டுங் கண்ட பிறவிக் கொள்கையினர் எவரும் 'இவருக்குக் கை வாய்க்கவில்லை' என்றே தீர்ப்பளித்திருப்பர். வான் கோ தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. சாள்ஸ் பார்க் என்பவர் தொகுத்த கரிக்கோற் பயிற்சித் தாள்கள் 60 ஐயும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வரைந்தார். வரைந்து முடித்தபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். மிலேயின் உழவர் படங்களின் அச்சுப் பிரதிகளைப் பார்த்து வரைந்தார். 1881 இல் எற்றன் கிராமத்திலே பெற்றோருடன் வாழ்ந்தபோது மண்வெட்டும் ஒருவனை வெவ்வேறு நிலைகளில் ஐந்து முறை வரைந்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார்.

இதுகாறும் கூறியவை கொண்டு 'ஆம், பயிற்சியே எல்லாம்' என்று ஒரு சாரார் எழுந்து கூறக்கூடும். அவர்களோடும் உடன்பட முடியாது. நூறு முறை வரைந்தால் நூற்றோராவது முறை தானாக வரும் என்று நம்பி, நாட்காட்டிப் படங்களையும் நடிகர் முகங்களையும் கட்டங் கீறிப் பிரதி செய்யும் மாணவர் ஏராளம். பழக்கம் என்பது நல்லதை மட்டும் நிலைநிறுத்துவதன்று. பிழையையும் அதேயளவு உறுதியாக நிலைநிறுத்தும்.

1881 இன் இறுதியில் வான் கோ தம் உறவுமுறையினரான அன்ரன் மோவ் என்னும் ஓவியரிடம் ஹேக் நகரிற் சென்று தம் வரைபடங்களைக் காட்டினார். மோவ் கண்டு சொன்ன குறைகளுள் ஒன்று மிக எளியது: வரையப்படும் ஆளுக்கு மிக அருகில் அமர்ந்து வரைந்திருக்கின்றீர் என்பதே அது. அருகிலிருப்பவன் தலைமுதற் கால்வரை ஒரே பார்வையில் அடக்க இயலாது. தலையை நிமிர்ந்து நோக்குவான். பாதத்தைக் குனிந்து நோக்குவான். தாளில் வருவது ஒரே ஆளாயிராது, இரு பார்வைகளை ஒட்டவைத்த உருவமாயிருக்கும். உறுப்புகளின் அளவை அங்கிருந்து ஒப்பிட்டுக் கணிக்கவும் முடியாது. எற்றனில் வரைந்த மண்வெட்டுவோனை ஐந்து முறையன்றி ஐந்நூறு முறை வரைந்திருந்தாலும் அதே இருக்கையிலிருந்து அதே பிழையே வந்திருக்கும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுமாறு கூற இன்னொருவருடைய கண் வேண்டியிருந்தது. வரைபவனுடைய கண் தன் பிழைக்குப் பழகிவிடுகின்றது என்பதே இங்கு மனங்கொள்ளவேண்டிய செய்தி.

அதன் பின்னரே அளவு பற்றிய அக்கறை அவரிடம் முறையாக வளர்ந்தது. 1882 இல் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய மரச்சட்டம் ஒன்றைச் செய்வித்து, நிலத்தில் ஊன்றக்கூடிய கால்களிற் பொருத்தி, கடற்கரைக்கும் வயலுக்கும் சுமந்து சென்றார். அச்சட்டத்தினூடாக நோக்குங்கால் எக்கோடு எங்கு தொடங்கி எங்கு சரிகின்றது என்பது இழைகளோடு ஒப்பிட உடனே தெரியும். 'பித்தர்' எனப்பட்டவர் அளவுச் சட்டத்தைத் தோளிற் சுமந்து திரிந்த காட்சி பிறவிக் கொள்கையினரின் நூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றது.

மோவ் சாந்து வார்ப்புச் சிலைகளைப் பார்த்து வரையுமாறு கூறியபோது வான் கோ சினந்து அவற்றை உடைத்தெறிந்தார் என்பதை மட்டும் அவர்கள் மறவாது எடுத்துரைப்பர். நான்கு ஆண்டுகளின் பின், 1886 ஜனவரியில், அன்ற்வேப் நகரக் கலைக்கழகத்தில் அவர் தாமாகவே சேர்ந்து அத்தகைய வார்ப்புச் சிலைகளின் முன் அமர்ந்தார் என்பதை ஏனோ மறந்துவிடுவர். அக்கழகம் அவரைத் தொடக்க வகுப்புக்கு இறக்கத் தீர்மானித்தது. அதற்குள் அவர் பாரிசுக்குச் சென்றுவிட்டார். கழகத்தாரின் குருட்டுத்தனத்தை எள்ளி நகையாடுவது எளிது, அந்நகை நியாயமானதுங்கூட. ஆனால் 32 வயதில், 'உருளைக்கிழங்கு உண்போர்' என்னும் ஓவியத்தைத் தீட்டி முடித்திருந்த ஒருவர், இளைஞரோடு ஒருவராகப் பலகை ஏந்தி அமர்ந்ததையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

இனிக் கண்டனம் பற்றிய மயக்கம். கண்டனம் என்றாலே முளையிற் கிள்ளுதல் என அஞ்சுவோர் பலர். எல்லாக் கண்டனமும் ஒரு தரத்தனவல்ல. ஹேக் நகர ஓவிய வணிகரான தெர்ஸ்ரேக், வான் கோ பிந்தித் தொடங்கியவர் என்றும் கலைஞரே அல்லர் என்றும் கூறினார். விலைபோகத்தக்க சிறு நீர்வர்ண ஓவியங்களைத் தீட்டுமாறும் வற்புறுத்தினார். இச்சொற்களைக் கேட்ட ஒருவன் மறுநாட் காலையில் எதனைத் திருத்துவான்? அது ஆளைப் பற்றிய தீர்ப்பு. வரைபடத்தைப் பற்றிய செய்தி எதுவும் அதில் இல்லை. கண்காட்சிப் பதிவேட்டின் 'பிறவிக் கலைஞனும்' தெர்ஸ்ரேக்கின் 'கலைஞனே அல்லனும்' ஒரே கொடியிற் காய்த்தவையே. ஒன்று இனிக்கின்றது, மற்றது கசக்கின்றது. இரண்டாலும் ஒரு கோடேனும் திருந்தாது.

இதனோடு அன்ரன் வான் றப்பாட்டின் கண்டனத்தை ஒப்பிடுக. அவர் வான் கோவின் ஓவிய நண்பர். இருவரும் ஐந்தாண்டுகளாக ஒருவர் வேலையை மற்றவர் பார்த்து வந்தவர்கள். 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்தைத் தழுவி நினைவிலிருந்து கல்லச்சில் வரைந்து எடுத்த படியொன்றை 1885 இல் வான் கோ அவருக்கு அனுப்பினார். மே மாதத்தில் வந்த மறுமொழி இரக்கமற்றது. பின்னாலுள்ள பெண்ணின் கை உண்மையாக இல்லை. கோப்பிக் கெண்டி மேசைமீது நிற்கவும் இல்லை, கையாற் பிடிக்கப்படவும் இல்லை. வலப்பக்கத்து மனிதனுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் எங்கே போயின. அவனது கை ஏன் அத்துணை குட்டை? இவ்வாறு ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தார். வான் கோ புண்பட்டு அக்கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். நட்பும் அதன்பின் நிலைக்கவில்லை.

றப்பாட்டின் தொனியைப் பாதுகாக்க வேண்டியதில்லை. அவர் மூல ஓவியத்தைக் காணாமலே எழுதினார் என்பதும் அவருக்கெதிரான நியாயமான வாதம். ஆயினும் அவர் கேட்ட கேள்விகள் யாவும் தாளில் விரல் வைத்துக் காட்டத்தக்கவை. கெண்டி எதன்மீது நிற்கின்றது என்னும் கேள்விக்கு விடை உண்டு அல்லது இல்லை. 'அது அவரது பாணி' என்று கூறித் தப்பமுடியாது. உருவங்களில் திரட்சி போதாது என்னும் குறை பாரிசிலிருந்து தியோ வாயிலாகவும் வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டுக் கோடையில் அறுவடை செய்வோரையும் கதிர் பொறுக்குவோரையும் பெரிய தாள்களில் வான் கோ மீண்டும் மீண்டும் வரைந்தார். அவ்வுருவங்களுக்கு முதுகும் இடுப்பும் பாரமும் உண்டு. நண்பரை மன்னிக்காதவர் நண்பர் சுட்டிய குறையை அலட்சியம் செய்யவில்லை.

எதிர்த்தரப்பினரிடம் இன்னுமோர் அம்பு உண்டு. அதே கோடையில் தியோவுக்கு எழுதிய கடிதத்தில், தம் உருவங்கள் இலக்கணச் சுத்தமாக அமைவதைத் தாம் விரும்பவில்லை என்றும், நேரடி உண்மையிலும் உண்மையான பிழைகளைச் செய்யக் கற்பதே தம் பேரவா என்றும் வான் கோ கூறினார். 'பார்த்தீர்களா, பிழையே கலை!' என்பர். ஆனால் அவ்வாக்கியத்தில் 'கற்பது' என்னும் சொல்லும் உண்டு. அளவை அறிந்து மீறுபவனையும் அறியாமல் வழுவுபவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது இருவருக்கும் செய்யும் அநீதி.

இசைத்துறையில் ஈழத்துத் தமிழர் இவ்வாறு ஏமாறுவதில்லை. தவில் கற்கும் சிறுவன் குருவின் முன்னிலையில் ஆண்டுக்கணக்காகச் சாதகம் செய்யவேண்டும் என்பதும், தாளம் வழுவினால் அக்கணமே திருத்தப்படுவான் என்பதும் கோயில் வீதியில் நிற்கும் யாவர்க்கும் தெரியும். தாளப் பிழை சபைக்குக் கேட்கின்றது. கோட்டின் பிழையோ தாளில் மௌனமாகக் கிடக்கின்றது. அதனாலேயே கோட்டுக்கு வாயுள்ள கண்டனக்காரர் கூடுதலாகத் தேவை. பாடசாலை அதனைத் தருவதில்லை. சித்திரக் கொப்பியிற் சிவப்பு மையால் ஒரு சரி அடையாளம்; பொதுப் பரீட்சையில் ஓரெழுத்துப் பெறுபேறு. விடைத்தாளோ மாணவனிடம் திரும்பி வருவதேயில்லை.

பல்கலைக்கழகச் சமூகமும் இதில் விலக்கன்று. மரபு பற்றியும் தேசிய இலக்கியம் பற்றியும் 1960 களில் அனல்பறக்க வாதிட்ட பரம்பரை இது. ஒரு சிறுகதையின் பாத்திர வார்ப்பை நார் நாராகக் கிழிப்பதற்கு இங்கு ஆளுண்டு. அக்கதைக்கு வரையப்பட்ட படத்தில் நாயகியின் இரு கைகளும் இடக்கைகளாயிருப்பதைச் சொல்ல ஆளில்லை. விழாவில் வரைந்தவருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகின்றது. அவர் மிக அருகில் அமர்ந்து வரைகின்றார் என்பதை யாரேனும் சொன்னால் அது பொறாமையெனக் கொள்ளப்படுகின்றது. மாணவரும் குற்றமற்றவரல்லர்: வந்த படத்தை மட்டும் சட்டமிட்டுக் காட்டி, வராத முப்பதைக் கட்டிலின்கீழ் ஒளித்து வைப்பவர்க்கு எவர்தாம் உதவமுடியும்? ஆசிரியர் காணவேண்டியவை அந்த முப்பதுமே.

பிறவிக் கொள்கை மறைக்கும் மற்றொன்று பணம். வான் கோவின் தாளுக்கும் கரிக்கோலுக்கும், அமர்ந்து காட்டிய கூலியாட்களுக்கும் மாதந்தோறும் தியோ அனுப்பிய பணமே செலவாயிற்று. தாளின் விலையை எண்ணி ஒரு படத்தை அழித்தழித்து வரையும் தோட்டத்துச் சிறுவனையும், தாளைக் கட்டுக்கட்டாக வாங்கும் கொழும்புச் சிறுவனையும் ஒரே போட்டியில் நிறுத்திப் பின்னவனைப் 'பிறவிக் கலைஞன்' என்று அறிவிக்கும் நடுவர்கள் எதனை அளக்கின்றனர் என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1890 ஜூனில், இறப்பதற்கு இரண்டு மாதங்கூட இல்லாத வேளையில், நூற்றுக்கணக்கான ஓவியங்களைத் தீட்டி முடித்திருந்த வான் கோ தியோவுக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார். பார்க்கின் அந்த 60 கரிக்கோற் பயிற்சித் தாள்களையும் இரவலாக அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் அனைத்தையும் மீண்டும் வரைந்துவிடலாம் என்றும், உருவின் அளவைப் பயில்வதைக் கைவிட்டாற் பின்னர் இடர்ப்பட நேரும் என்றும் அதிற் குறிப்பிட்டிருந்தார்.