சாங்வியில் நாய் கடித்தால் யார் பொறுப்பு?

புனேயின் வடமேற்கு விளிம்பில் முளா, பவனா ஆகிய இரு ஆறுகளுக்கு இடையே அமைந்த பகுதி சாங்வி. முளா ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஔந்த், புனே மாநகராட்சியைச் சேர்ந்தது. இக்கரையில் உள்ள சாங்வி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பழைய கிராமத்தின் குறுகிய சந்துகளும் இங்கு அருகருகே இருக்கின்றன. விடியுமுன் தெருக்கூட்டப் புறப்படும் பெண்கள், இரவுப் பணி முடித்துத் திரும்பும் ஆலைத் தொழிலாளர்கள், பாத்திரம் துலக்க வீடு வீடாகச் செல்லும் பணிப்பெண்கள், நள்ளிரவில் உணவுப் பொட்டலம் சுமக்கும் இளைஞர்கள் ஆகியோர் நடமாடும் நேரமும் தெருநாய்க் கூட்டங்கள் நடமாடும் நேரமும் ஒன்றுதான். காருக்குள் அமர்ந்து செல்பவரை நாய் துரத்தலாம், கடிக்க முடியாது. கடிபடுபவர் நடந்து செல்பவரும் இருசக்கர வாகனத்தில் செல்பவரும் தெருவில் விளையாடும் குழந்தைகளுமே.

நாய் கடித்தால் அதை விதி என்று ஏற்றுக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகின்றனர். இழப்பீடு கேட்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை. எழுந்தாலும் யாரிடம் கேட்பது என்பது தெரிவதில்லை. நாய்க்கடியை வெறும் தற்செயலாகக் கொள்ள முடியாது. சட்டம் விதித்த கடமையை ஓர் அமைப்பு நிறைவேற்றாமல் விட்டதன் விளைவு அது. கடமை தவறியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பது அரசின் கருணையை வேண்டி நிற்கும் மனு அன்று. அது உரிமைக் கோரிக்கை.

எண்களுக்குள் மறையும் மக்கள்

2024ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 37 இலட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிகள் பதிவாயின என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மாநிலங்களில் முதலிடம் மகாராஷ்டிரத்திற்கு, சுமார் 4.85 இலட்சம். அடுத்த இடம் தமிழ்நாட்டிற்கு, சுமார் 4.80 இலட்சம். புனேயில் வாழும் தமிழ்த் தொழிலாளிக்குத் தான் விட்டு வந்த மண்ணும் வந்து சேர்ந்த மண்ணும் இதில் ஒன்றுபோலவே இருக்கின்றன.

அதே ஆண்டில் ரேபிஸ் நோயால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர் 54 பேர் மட்டுமே என்றது ஒன்றிய அரசு. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் 60 மாவட்டங்களில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு, ஆண்டுக்கு சுமார் 5,700 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிட்டது. நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் தடுப்பூசியே போட்டுக்கொள்ளவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு. அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றால் ஏறத்தாழ எவரும் இறப்பதில்லை. ரேபிஸ் மரணம் ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடிய மரணம் என்பதே இதன் பொருள்.

மகாராஷ்டிரப் பொதுச் சுகாதாரத் துறையின் மருத்துவமனைகளில் 2023 ஆகஸ்ட் 15 முதல் சிகிச்சை கட்டணமற்றது. சாங்வியினருக்கு ஔந்த் மாவட்ட மருத்துவமனை அருகிலேயே உள்ளது. எனினும் ஊசி இலவசம் என்பதால் கடி இலவசமாகிவிடாது. கடிபட்ட அன்றும், பிறகு மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள்களிலும் ஊசி போட வேண்டும். தினக்கூலிக்கு இது நான்கு நாள் கூலி இழப்பு. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் செலுத்த வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இருப்பில் இல்லாவிட்டால் தனியார் மருந்தகத்தில் விலைக்கு வாங்க நேரும். மாநகராட்சியின் தவறுக்கு அபராதம் செலுத்துபவர் கடிபட்டவராகவே இருக்கிறார்.

சட்டம் விதித்த கடமை

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதும் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என 2001ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கூறின. அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகளும் அதையே கூறுகின்றன. கால் நூற்றாண்டாக இக்கடமை ஏட்டில் இருக்கிறது. பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஏழ்மையான மாநகராட்சியும் அன்று. தொழிற்பேட்டைகளால் செழித்த இம்மாநகராட்சி நாட்டின் பணக்கார மாநகராட்சிகளுள் ஒன்று என்று பெயர் பெற்றது. ஆயினும் 2022 மார்ச் முதல் 2026 ஜனவரித் தேர்தல் வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அங்கு மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றமே இல்லை. நிர்வாக அதிகாரி ஒருவரின் கீழ் மாநகராட்சி நடந்த அக்காலத்தில், கடிபட்டவர் சென்று கேள்வி கேட்பதற்கு ஒரு வட்டார உறுப்பினர்கூட இருக்கவில்லை.

வளர்ப்பு நாய் கடித்தால் பொறுப்பு உரிமையாளருடையது. விலங்கை அலட்சியமாக வைத்திருப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. இது தண்டனை மட்டுமே. இழப்பீட்டுக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தனியே வழக்குத் தொடரலாம். மும்பை வொர்லியில் மின்தூக்கிக்குள் அண்டை வீட்டாரைத் தன் நாய் கடித்த வழக்கில் உரிமையாளருக்கு 2025இல் நான்கு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. கடி நிகழ்ந்தது 2018இல். தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகள் காத்திருக்க வசதியுள்ளவருக்கே இந்த வழி பயன்படும்.

மாநில எல்லையில் மாறும் நியாயம்

தெருநாய்க் கடிக்கான இழப்பீடு, கடிபட்டவர் எந்த மாநிலத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதைப் பொறுத்து அமைகிறது. பஞ்சாப்-ஹரியாணா உயர்நீதிமன்றம் 2023இல் அளித்த தீர்ப்பில், ஒவ்வொரு பல் தடத்திற்கும் குறைந்தது 10,000 ரூபாய் எனவும், தோலிலிருந்து சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்திற்கும் குறைந்தது 20,000 ரூபாய் எனவும் நிர்ணயித்தது. முதன்மைப் பொறுப்பு அரசுக்கே உரியது. அரசு அத்தொகையைத் தவறிழைத்த துறையிடமோ தனிநபரிடமோ பின்னர் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. கேரளத்தில் பாதிக்கப்பட்டோரின் கோரிக்கைகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சிரிஜகன் தலைமையில் 2016இல் உச்ச நீதிமன்றமே குழு அமைத்தது. கர்நாடக அரசு 2025 நவம்பரில் மரணத்திற்கு 5 இலட்சமும் காயத்திற்கு 5,000 ரூபாயும் அறிவித்தது. அந்த 5,000 ரூபாயில் காயமுற்றவர் கைக்கு வருவது 3,500 மட்டுமே. மீதி சிகிச்சைக்கான அறக்கட்டளைக்குச் செல்கிறது.

பத்துப் பல் தடங்கள் பதிந்த ஒரே காயத்திற்குச் சண்டிகரில் குறைந்தது ஓர் இலட்சம். பெங்களூருவில் மூவாயிரத்து ஐந்நூறு. சாங்வியிலோ இத்தகைய அளவுகோலே இல்லாததால் ஒவ்வொருவரும் தனித்தனியே நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியுள்ளது. ஓர் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு வேறு மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. முன்னுதாரணமாக எடுத்துக்காட்ட மட்டுமே உதவும். உயிர்வாழும் உரிமையைக் கூறும் அரசமைப்பின் 21ஆவது பிரிவு நாடு முழுமைக்கும் ஒன்றாக இருக்க, அதன் விலை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதை எவ்வாறு நியாயப்படுத்த முடியும்?

மகாராஷ்டிரத்திற்கு இழப்பீடு என்ற சிந்தனை புதிதும் அன்று. இதே புனே மாவட்டத்தின் ஜுன்னர் வட்டத்தில் சிறுத்தை தாக்கி ஒருவர் இறந்தால் குடும்பத்திற்கு 25 இலட்சம் ரூபாய் வழங்க மாநில அரசின் ஆணை இருக்கிறது. அக்குடும்பம் வழக்காடத் தேவையில்லை. வனத்துறையிடம் விண்ணப்பித்தால் போதும். சாலைப் பள்ளங்களாலும் திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழிகளாலும் நேரும் மரணத்திற்கு 6 இலட்சமும், காயத்திற்கு 50,000 முதல் 2.5 இலட்சம் வரையும் வழங்க வேண்டும் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. கோரிக்கையை ஆராயும் குழுவில் மாநகராட்சி ஆணையரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரும் இடம்பெற வேண்டும் என்றும் கூறியது. பாதுகாப்பான சாலை மக்களின் உரிமை, அதைப் பராமரிப்பது மாநகராட்சியின் கடமை என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. அதே சாலையில் பள்ளத்தில் விழுந்தவருக்குக் கிடைக்கும் நியாயம், பத்தடி தள்ளி நாய் கடித்து விழுந்தவருக்கு மறுக்கப்படுவதற்குக் காரணம் ஏதுமில்லை.

தொழிலாளியின் காயம்

வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் கடிக்கு இன்னொரு முகமும் உண்டு. வீட்டிற்கும் பணியிடத்திற்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தைப் பணிக்காலக் காயமாகக் கருத ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்தது. மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆலையொன்றில் காவலாளியாக இருந்தவர் 2003இல் பணிக்குச் செல்லும் வழியில் இறந்த வழக்கில், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திற்கும் அதே பொருள் உண்டு என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. பயணத்தின் நேரமும் இடமும் வேலையோடு தொடர்புடையவை என மெய்ப்பிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இரவுப் பணிக்குச் செல்லும் வழியில் நாய் துரத்தி, வண்டியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்த தொழிலாளியின் கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் இந்த அடிப்படையில் எழுப்பலாம்.

உணவு விநியோகத் தொழிலாளிக்கோ இந்தப் பாதுகாப்பும் எட்டாது; அவரை நிறுவனங்கள் தொழிலாளி என்றே ஏற்பதில்லை. 2023 ஜனவரியில் ஹைதராபாத்தில் உணவு கொடுக்கச் சென்ற இளைஞர் ஒருவர், வளர்ப்பு நாய் பாய்ந்ததால் மூன்றாம் மாடியிலிருந்து குதித்து இறந்தார். குறித்த நேரத்தில் பொட்டலம் சேர வேண்டும் என்று நொடிக்கணக்கில் வேலை வாங்கும் மூலதனம், வாசலில் காத்திருக்கும் ஆபத்தைத் தன் கணக்கில் எழுதுவதில்லை. குப்பை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், நாய் பிடிக்கும் ஊழியர்கள் ஆகியோருக்கு முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போடுவது வேலையளிப்பவரின் கடமையாக்கப்பட வேண்டும்.

நாயா, மனிதனா என்ற பொய்க் கேள்வி

இவ்விவாதம் நாய் நேசர்களுக்கும் நாய் வெறுப்பாளர்களுக்கும் இடையிலான சண்டையாகக் காட்டப்படுகிறது. டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு 2025 ஆகஸ்ட் 11 அன்று ஆணையிட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, வெறிநோயுள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடுமாறு மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஆகஸ்ட் 22 அன்று திருத்தியது. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து, இரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றுமாறு நவம்பரில் மற்றோர் ஆணை வந்தது. கடிகளுக்கு மாநில அரசுகள் பெருந்தொகை இழப்பீடு தர நேரும் என்று 2026 ஜனவரி விசாரணையில் நீதிபதிகள் வாய்மொழியாக எச்சரித்தனர்.

நாய்களைக் கொன்று குவிப்பது தீர்வாகாது. குப்பை குவிந்திருக்கும்வரை, காலியான இடத்திற்கு வேறு நாய்கள் வந்து சேரும். நாய்களில் எழுபது விழுக்காட்டிற்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவல் அறுபடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மகாராஷ்டிரத்தின் அண்டை மாநிலமான கோவா, பெருந்திரள் தடுப்பூசி இயக்கத்தின் மூலம் இதைச் செய்துகாட்டியது. ரேபிஸ் அற்ற முதல் மாநிலம் என 2021இல் தன்னை அறிவித்துக்கொண்டது. தொலைக்காட்சி விவாதங்களில் நேசரும் வெறுப்பாளரும் மோதிக்கொள்ளும் நேரத்தில், குப்பை அள்ளாத, கருத்தடை செய்யாத நிர்வாகம் கேள்விக்குத் தப்பிவிடுகிறது. இழப்பீடு என்ற கோரிக்கை அந்த நிர்வாகத்தையே கூண்டில் ஏற்றுகிறது. ஒவ்வொரு கடிக்கும் பணம் தர வேண்டும் என்ற நிலை வந்தால், கருத்தடைக்குச் செலவிடுவதே மலிவு என்பதை அது தானாக உணரும்.

செய்ய வேண்டியவை

கடிபட்டவர் முதலில் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு பூசலாகாது. தாமதமின்றி மருத்துவமனை செல்ல வேண்டும். கேஸ் பேப்பர், ஊசி அட்டை, மருந்துச் சீட்டுகள், காயத்தின் படங்கள், வேலைக்குச் செல்லாத நாள்களின் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். மாநகராட்சியின் ‘சாரதி’ உதவி மையத்தில் புகாரளித்து எண் பெற வேண்டும். வளர்ப்பு நாயெனில் சாங்வி காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும்.

மகாராஷ்டிர மாநகராட்சிகள் சட்டத்தின் 487ஆவது பிரிவின்படி, மாநகராட்சிமீது வழக்குத் தொடர ஒரு மாதம் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். நிகழ்வு நடந்த ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். காயம் ஆறட்டும் என்று காத்திருப்பவரின் உரிமை அதற்குள் காலாவதியாகிவிடக்கூடும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். அழைக்க வேண்டிய எண் 15100.

தனிநபர் வழக்குகளால் மட்டும் நிலைமை மாறிவிடாது. தெருநாய்களால் ஆடுகளை இழந்த காங்கேயம், வெள்ளகோவில் வட்டார விவசாயிகள் தொடர்ந்து போராடினர்; இறந்த கால்நடைகளுக்கு இழப்பீடு வழங்கத் தமிழ்நாடு அரசு 2025இல் முன்வந்தது. ஆட்டுக்குக் கிடைத்தது மனிதருக்கும் கிடைக்க வேண்டுமெனில் அதே பாதைதான். ஒவ்வொரு வட்டாரத்திலும் கடிபட்டோர் பட்டியலைக் கிளைகள் தொகுக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களையும் தொழிற்சங்கங்களையும் மாதர் அமைப்புகளையும் இணைத்து, புதிய மாமன்றத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்க வேண்டும்: விண்ணப்பித்தாலே கிடைக்கும் நிலையான இழப்பீட்டுத் திட்டம்; இம்யூனோகுளோபுலின் உட்பட முழு மருந்து இருப்பு; வட்டார வாரியாக வெளியிடப்படும் கருத்தடை, தடுப்பூசிக் கணக்கு. சாங்வியின் தமிழ் உழைப்பாளிகளும் மராத்தி உழைப்பாளிகளும் நடப்பது ஒரே தெருவில். இக்கோரிக்கை மனுவில் அவர்களது கையெழுத்துகளும் ஒரே தாளில் இடம்பெற வேண்டும்.