எல்லாவற்றுக்கும் சூடுதானா?

சிறுநீர் போகும்போது எரிகிறது என்று ஒரு பெண் வீட்டில் வாய் திறந்தால் போதும், "உடம்புச் சூடு" என்று முடித்துவிடுகிறார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய், கால் பெருவிரலில் சுண்ணாம்பு, குடிக்க இளநீர். வெள்ளைப்படுதலுக்கும் அதே சூடு, அடிவயிற்று வலிக்கும் அதே சூடு. இந்த நம்பிக்கை நம் பெண்களின் சிறுநீரகத்தையும் கருக்குழாயையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

நீர்க்கடுப்பு பெரும்பாலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் வேலை. சிறுநீர்ப்பையிலிருந்து நீர் வெளியேறும் பாதை ஆணுக்கு ஏறக்குறைய 20 செ.மீ., பெண்ணுக்கோ 4 செ.மீ.தான். கிருமி எளிதாக ஏறிவிடுகிறது. பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லதுதான். ஆனால் குளிர்காய்ச்சலும் விலாப்பக்க முதுகுவலியும் சேர்ந்துவிட்டால் தொற்று சிறுநீரகம்வரை போயிருக்கக்கூடும். அதை இளநீர் தீர்க்காது.

சிலர் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே இரண்டு நாளுக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுகிறார்கள். எரிச்சல் அடங்குகிறது, கிருமி மிச்சமிருந்து மருந்துக்கு மசியாததாக மாறக்கூடும். அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறவர்களும் கர்ப்பிணிகளும் மாத்திரை போடும் முன்பே யூரின் கல்ச்சர் கொடுக்க வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் நீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரிந்துவிடும்.

கர்ப்பப்பை, கருக்குழாய்த் தொற்றில் இந்தச் 'சூடு' செய்யும் கேடு இன்னும் பெரிது. கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகளின் கிருமிகள் சத்தமில்லாமல் மேலேறுகின்றன. ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் தொற்று இருக்கலாம். மருத்துவர் உள்பரிசோதனை செய்து, கர்ப்பப்பை வாயை அசைக்கையில் வலிக்கிறதா என்று பார்த்துத்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார். அந்தப் பரிசோதனையைக் கூச்சம் தடுக்கிறது, "ஊர் என்ன சொல்லும்" என்ற பயம் தடுக்கிறது. கருக்குழாய் தழும்பேறி அடைத்துக்கொண்டால் கருத்தரிப்பது கடினம். தரித்தாலும் கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு உலை வைக்கலாம். கடைசியில் பிள்ளையில்லை என்ற பழியும் அவள் தலையிலேயே விழுகிறது. கணவனிடமிருந்தும் கிருமி வந்திருக்கலாம், அவனுக்கும் சேர்த்தே வைத்தியம் தேவை என்று யாரும் பேசுவதில்லை.

எரிச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், விடாத அடிவயிற்று வலி மூன்றும் சோதித்துப் பார்க்க வேண்டியவை. மகளோ மருமகளோ இவற்றில் ஒன்றைச் சொன்னால், சுண்ணாம்பைத் தேடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.