மனசில்லாமலா வரவில்லை?

"படுவான்கரைக்கு ஆர் வரப்போறாங்க? மனசில்லாத ஆக்கள்." மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எந்தத் தேநீர்க் கடையிலும் காதில் விழும் தீர்ப்பு இது. டொக்டருக்கும் தாதிக்கும் சேவை மனப்பான்மை வந்துவிட்டால் ஆஸ்பத்திரிகள் நிமிர்ந்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. மனசைக் குறை சொல்வது மலிவு. அதற்கு ஒரு சதமும் ஒதுக்க வேண்டியதில்லை.

அரச ஆஸ்பத்திரியில் மனிதவளம் என்றால் தாபனக் கிளைதான். லீவு, சம்பள ஏற்றம், ஓய்வூதியக் கோவை என்று அங்குள்ளவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. எத்தனை பேர் வேண்டும் என்ற ஆளணியை அங்கீகரிப்பது கொழும்பில் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். டொக்டர்மாரின் வருடாந்த இடமாற்றப் பட்டியலும் கொழும்பில்தான் தயாராகிறது. வந்த ஆளைத் தங்கவைக்கும் வேலை எவருடைய மேசையிலும் இல்லை.

வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் வீடுள்ள ஒரு தாதிக்கு மண்டூர்ப் பக்கம் நியமனம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்முனைக்கு 2014இல் பாலம் வந்தது. மண்டூர்க்காரர் அதன் பிறகும் குருமண்வெளியில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். மாரியில் வெள்ளாவெளி வீதியில் வெள்ளம் பாய்வதும் வழமை. இரவுக் கடமைக்கு ரோஸ்டர் போடுகிறவர் பாதை ஓடும் நேரத்தைப் பார்த்தா போடுகிறார்? விடுதி அறைக்குக் கதவு பூட்டுமா, தண்ணீர் வருமா என்று நியமனக் கடிதம் அனுப்புமுன் யார் போய்ப் பார்க்கிறார்?

இதைவிட மோசம் 'இணைப்பு'. பெயர் இங்கே, வேலை வேறெங்கோ. கோவையில் வெற்றிடமில்லை, வாட்டில் ஆளில்லை. பதிலுக்கு ஒருவரைக் கேட்கவும் வழியில்லை. பிரசவ லீவையும் பாருங்கள். முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாட்கள், அது அந்தப் பெண்ணின் உரிமை. மாதக்கணக்கில் முன்கூட்டியே தெரிகிற லீவு அது. அதற்குப் பதில் ஆளை ஒழுங்கு செய்யாதது யாருடைய மனசின் குறை?

"அரச சம்பளம் எண்டா போகத்தானே வேணும்" என்பார்கள். 2022இல் அதே அரசுதான், ஐந்து வருடம்வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதட்டினால் யார் நிற்பார்?

வந்த ஆளைத் தங்கவைப்பதற்கென்றே பிராந்திய சுகாதாரப் பணிமனையில் ஓர் அதிகாரி வேண்டும். விடுதி திருத்தக் கையில் காசும், பதில் ஆளில்லாத இணைப்பை மறுக்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். இன்னொரு கதிரையா, வீண்செலவு என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையோடு பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி, கொக்கட்டிச்சோலையிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு ஓடும் தாய் கொடுக்கிற ஆட்டோக் கூலியை அவர்கள் எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?